அடி வாங்கிய பந்து ஏன் அதிக தூரம் போனது? – கோல்ஃப் பந்தின் தோலும் அதன் வரலாறும்

போன செமஸ்டரில் தேய்மானம் பாடம் நடந்துகொண்டிருந்தது. நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை என்று பலகை முழுக்க கணக்கு. நடுவில் சார் ஒரு கேள்வி கேட்டார். "பயன்படுத்தப் பயன்படுத்த மதிப்பு கூடுகிற சொத்து ஏதாவது உண்டா?" நிலம் என்றோம். அது பயன்படுத்துவதால் கூடவில்லை, சும்மா கிடந்தாலும் கூடும் என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் ஒயின் என்றான். அதைப் பயன்படுத்தினால் மிச்சம் எங்கே இருக்கும் என்று சார் கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை.

எனக்குப் பதில் கிடைத்தது நூலகத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டுப் புத்தகத்தில். 1848-ஐ ஒட்டி ஸ்காட்லாந்தில் வந்த கோல்ஃப் பந்து. புதிதாக வாங்கும்போது வழவழப்பாக இருக்கும், ஒழுங்காகப் பறக்காது. நாலு நாள் அடி வாங்கி, மேலெல்லாம் வெட்டும் கீறலுமாக ஆன பிறகுதான் அழகாகப் பறக்கும். வாங்கிய விலையை விட உழைத்த பிறகு உபயோகம் அதிகம். தேய்மானமே வளர்மானமாகிவிட்ட சரக்கு!

நான் கோல்ஃப் மட்டையைத் தொட்டதுகூட இல்லை. தெருவில் டென்னிஸ் பந்தில் டேப் சுற்றி ஆடிய ஆள்தான். ஆனாலும் அந்தப் பந்தின் தோலைப் பற்றிப் படிக்கப் படிக்க, அதற்குப் பின்னால் ஒரு நட்பு முறிந்தது, ஒரு தொழில் அழிந்தது, கோர்ட் கேஸ்கள் நடந்தன என்று கதை நீண்டுகொண்டே போனது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அதற்கு முந்தைய பந்தைப் பார்ப்போம். பெயர் ஃபெதரி. தோலைச் சின்னப் பையாகத் தைத்து, ஈரமாக இருக்கும்போதே அதற்குள் வேகவைத்த இறகைத் திணிப்பார்கள். ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள் போகுமாம். காயும்போது தோல் சுருங்கும், உள்ளே இறகு விரியும். இரண்டும் சேர்ந்து பந்து கல் மாதிரி இறுகிவிடும். அப்புறம் வெள்ளைப் பெயிண்ட். நன்றாகத் தேர்ந்த ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பந்துதான் செய்ய முடியும். நெஞ்சில் இரும்புக் கம்பியை முட்டுக் கொடுத்து இறகைத் திணிக்கிற வேலை. இறகுத் தூசி வேறு மூச்சோடு உள்ளே போகும். விலை இரண்டரை ஷில்லிங்கும் அதற்கு மேலும். மழையில் நனைந்தால் ஊறிக் கனத்துவிடும். தையல் பிரிந்தால் பணம் போச்சு. கோல்ஃப் பணக்காரர் ஆட்டமாக இருந்ததற்கு இந்தப் பந்தின் விலையும் ஒரு காரணம்.

இந்தத் தொழிலின் ராஜா ஆலன் ராபர்ட்சன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் அவரே. அவருடைய பட்டறையில் 1844-ல் மட்டும் 2,456 பந்துகள் செய்ததாகக் கணக்கு இருக்கிறது. வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் தினம் எட்டு பந்து. மூன்று பேர் வேலை பார்த்த பட்டறை என்பதால் ஆளுக்கு மூன்றுகூட வரவில்லை. (காமர்ஸ் மாணவர் கையில் எண் கிடைத்தால் வகுக்காமல் விடமாட்டோம் :-) ) அந்த மூவரில் ஒருவர் டாம் மாரிஸ். பின்னாளில் 'ஓல்டு டாம்' என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். ராபர்ட்சனிடம் தொழில் பழகியவர், ஜோடியாக ஆடியவர்.

இப்போது காட்சி மலாயாவுக்கு மாறுகிறது. அங்கே காடுகளில் ஒரு மரம். அதன் பால் உறைந்தால் வருகிற பிசினுக்குப் பெயர் கட்டா பெர்ச்சா. வெந்நீரில் போட்டால் மாவு மாதிரி இளகும், எந்த உருவத்துக்கும் பிடிக்கலாம். ஆறினால் கெட்டியாகிவிடும். உள்ளூர் மக்கள் அதில் கத்திக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1843-ல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அப்புறம் அது கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் போய் உலக வியாபாரத்தையே மாற்றியது. மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ கொஞ்சம். சில பத்தாண்டுகளில் மலாயாவில் பல இடங்களில் அந்த மரமே அரிதாகிவிட்டது. அதை எழுதப் போனால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

கோல்ஃபுக்கு அது வந்த கதை சுவாரஸ்யம். செயின்ட் ஆண்ட்ரூஸில் ராபர்ட் ஆடம்ஸ் பேட்டர்சன் என்று ஒரு மாணவர். கீழை நாட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமல் இருக்க அதைச் சுற்றிக் கட்டா பெர்ச்சாவை அடைத்து அனுப்பியிருந்தார்களாம். ஃபெதரி வாங்கக் காசில்லாத பேட்டர்சன் அந்த அடைப்பை உருக்கி, உருட்டி, பந்தாக்கிவிட்டார் என்கிறார்கள். விஷ்ணு சிலை உண்மையா, பின்னால் சேர்த்ததா என்று கோல்ஃப் வரலாற்றுக்காரர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு என்னவோ காசில்லாத மாணவர் என்ற பகுதி மட்டும் முழுக்க நம்பும்படி இருக்கிறது.

1848 வாக்கில் இந்தப் பந்து சந்தைக்கு வந்தது. அதன் செல்லப்பெயர் 'கட்டி'. தமிழில் படித்தாலும் பொருந்துகிறது, பாருங்கள். விலை ஒரு ஷில்லிங் அளவுதான். நனைந்தால் கவலை இல்லை. உடைந்தால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு குறை. அடித்தால் கொஞ்ச தூரம் போய்த் திடீரென்று தலையைக் குனிந்து விழுந்துவிடும். ஃபெதரி அப்படி விழாது.

ஆலன் ராபர்ட்சனுக்கு முதலில் கட்டியைக் கண்டாலே ஆகாது. புதரில் தொலைந்த கட்டிகளைப் பொறுக்கி வரும் பையன்களிடமிருந்து விலைக்கு வாங்கி நெருப்பில் போட்டார் என்று சொல்வார்கள். டாம் மாரிஸும் அதைத் தொடக்கூடாது என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். ஒரு நாள் டாம் ஒரு கனவானோடு ஆடும்போது கையிலிருந்த ஃபெதரிகள் தீர்ந்துவிட்டன. அவர் ஒரு கட்டியைக் கொடுக்க, டாம் அதில் ஆடினார். எதிரே ராபர்ட்சன் வந்துகொண்டிருந்தார். டாம் கட்டியில் நன்றாக ஆடுகிறார் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் ராபர்ட்சன் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போன பிறகு வார்த்தை தடித்தது, இருவரும் பிரிந்தார்கள். டாம் தனியாகக் கட்டி செய்ய ஆரம்பித்தார். 1851-ல் பிரெஸ்ட்விக் என்ற ஊருக்குப் போய்ப் புது மைதானம் அமைத்தார். 1860-ல் முதல் ஓப்பன் போட்டி நடந்தது அந்த மைதானத்தில்தான்.

ராபர்ட்சனைக் கெட்டவராகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாளெல்லாம் நெஞ்சு வலிக்க இறகு திணித்துக் கற்ற தொழில். வெந்நீரும் இரண்டு உள்ளங்கையும் இருந்தால் போதும் என்று ஒரு சரக்கு வந்து நிற்கிறது. வேறு என்ன செய்வார்? ஆனால் சந்தை யாருக்காகவும் காத்திருக்காது. கொஞ்ச நாளில் அவரும் கட்டி செய்ய ஆரம்பித்தார். 1859-ல் இறந்தார்.

சரி, அந்தத் தலைகுனிவுக் குறை என்ன ஆயிற்று? அதைத் தீர்த்தது எந்த விஞ்ஞானியும் இல்லை. தினம் ஆடுகிறவர்களும், அவர்கள் பையைத் தூக்குகிற கேடிகளும்தான். மட்டையின் இரும்பு விளிம்பு பட்டு வெட்டு விழுந்த பந்து புதுப் பந்தை விட நேராக, தூரமாகப் போவதைக் கவனித்தார்கள். அப்படியென்றால் வெட்டை நாமே போட்டுவிட்டால் என்ன? பந்தைக் கட்டைக் குழியில் பொருத்தி, கூர் விளிம்புச் சுத்தியலால் சுற்றிச் சுற்றிக் கோடு கோடாக அடிக்க ஆரம்பித்தார்கள். குனிந்து விழுகிற நோய் போய்விட்டது. புதுப் பொருளை வேண்டுமென்றே 'பழசாக்கி' விற்ற முதல் வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்குக் கிழித்து விற்கிற ஜீன்ஸுக்குத் தாத்தா!

ஃபெதரி ஏன் குனியவில்லை என்பதும் அப்போதுதான் விளங்குகிறது. தோல் தையல் இருந்ததால் அது ஒருநாளும் முழு வழவழப்பாக இல்லை. குறை என்று நினைத்த தையல்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

கையால் சுத்தியல் அடிப்பதும் நிலைக்கவில்லை. கோடுகளை அச்சிலேயே வெட்டிவிட்டால் பந்து வெளியே வரும்போதே தயாராக இருக்கும். 1890-களில் கோட்டுக்குப் பதில் புடைப்பு வந்தது. பிராம்பிள் என்று பெயர். அந்த ஊர்க் காட்டுப் பழம் ஒன்றின் பெயர். நம் கண்ணுக்குச் சீத்தாப்பழம் மாதிரி தெரியும்.

இதே காலத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் கோல்ஃப் பந்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் பெரிய ஆட்டக்காரர், 1896-லும் 1898-லும் அமெச்சூர் சாம்பியன். பந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போகாது என்று அப்பா நிரூபித்த மறுநாளே மகன் அதைத் தாண்டி அடித்தான் என்று ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி நடக்கவில்லை. நிஜத்தில் அப்பா செய்தது அதைவிட அழகு. பந்தில் நீளமான நாடாவைக் கட்டிக் களிமண்ணுக்குள் அடிக்க வைத்து, நாடா எத்தனை முறுக்கு முறுக்கியிருக்கிறது என்று எண்ணினார். பந்து எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது அதில் தெரிந்தது. கீழிருந்து பின்னோக்கிச் சுழல்வதால் காற்று பந்தைத் தூக்கிப் பிடிக்கிறது, அதனால்தான் கல்லெறிந்த கணக்கைத் தாண்டிப் பறக்கிறது என்று 1890-களில் எழுதினார். ஃப்ரெடி 1900-ல் தென்னாப்பிரிக்கப் போரில் இறந்துபோனார். அடுத்த வருடமே அப்பாவும் போய்விட்டார்.

அடுத்த அடி அமெரிக்காவிலிருந்து. கிளீவ்லாண்டைச் சேர்ந்த கோபர்ன் ஹாஸ்கெல், குட்ரிச் ரப்பர் கம்பெனியின் பெர்ட்ராம் வொர்க் என்பவரோடு சேர்ந்து, ரப்பர் நூலை இழுத்து உருண்டையாகச் சுற்றி, மேலே கட்டா பெர்ச்சா தோல் போட்ட பந்துக்கு 1899-ல் காப்புரிமை வாங்கினார். துள்ளல் என்றால் அப்படி ஒரு துள்ளல். ஆனால் ஆரம்பப் பந்துகளின் தோலில் அடையாளம் போதவில்லை, மறுபடி அதே தலைகுனிவு நோய்! ஐம்பது வருடம் முன்பு ஸ்காட்லாந்துக் கேடிகள் கற்ற பாடம் அமெரிக்கத் தொழிற்சாலைக்கு எட்டவில்லை. 1896-ல் அமெரிக்க ஓப்பன் ஜெயித்த ஜேம்ஸ் ஃபௌலிஸ் ஒரு ஹாஸ்கெல் பந்தைத் தன்னுடைய பிராம்பிள் அச்சில் போட்டு அழுத்தி எடுத்தார். சீத்தாப்பழத் தோல் வந்ததும் பந்து பிரமாதமாகப் பறந்தது.

1902 ஓப்பனில் சாண்டி ஹெர்டு ஹாஸ்கெல் பந்தில் ஆடி ஜெயித்தார். அவ்வளவுதான், கட்டியின் கதை முடிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கிளப்பிலும் இருந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் பந்து செய்து விற்றுத்தான் ஒரு பகுதி பிழைப்பை ஓட்டினார்கள். கட்டியைப் பின்கட்டில் உருட்டலாம். ரப்பர் நூல் சுற்ற இயந்திரம் வேண்டும். வருமானம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. ஃபெதரிக்காரர்களுக்கு ஒரு காலத்தில் நடந்தது இப்போது கட்டிக்காரர்களுக்கு நடந்தது. ஹாஸ்கெலுக்கும் பிரிட்டனில் நிம்மதி இல்லை. அவருடைய காப்புரிமை அங்கே செல்லாது என்று தீர்ப்பானது. முன்பே ரப்பர் நூல் சுற்றிப் பந்து செய்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 1908-ல் பிரபுக்கள் சபை வரை போயும் தோற்றது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இனிமேல்தான் வருகிறார். லெஸ்டர் நகரத்து வில்லியம் டெய்லர். லென்ஸ் செய்கிற டெய்லர், டெய்லர் & ஹாப்சன் கம்பெனியின் பொறியாளர். சினிமா பைத்தியங்களுக்கு ஒரு தகவல்: குக் லென்ஸ் என்று ஒளிப்பதிவாளர்கள் கொண்டாடுகிறார்களே, அதன் பூர்வீகம் இந்தக் கம்பெனிதான். நுணுக்கமாக அளப்பது அவருக்கு ரத்தத்திலேயே இருந்தது. கண்ணாடி அறைக்குள் புகையை விட்டு, பந்தைச் சுற்றிக் காற்று எப்படிப் போகிறது என்று பார்த்தார். சீத்தாப்பழப் புடைப்பைத் திருப்பிப் போட்டால் என்ன? மேட்டுக்குப் பதில் பள்ளம். புடைப்பு அடி வாங்கி மழுங்கிவிடும். பள்ளம் அவ்வளவு சீக்கிரம் அழியாது. 1905-ல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பார்க்கிற குழி வைத்த கோல்ஃப் பந்து அன்று பிறந்தது. சில வருடங்களில் அமெரிக்காவில் ஸ்பால்டிங் கம்பெனி குழிப் பந்தை விற்க ஆரம்பித்தது. டெய்லரின் கம்பெனி 1941-ல் டாலிசர்ஃப் என்ற கருவியைக் கொண்டுவந்தது. எதற்குத் தெரியுமா? உலோகப் பரப்பின் சொரசொரப்பை அளப்பதற்கு! பரப்பு என்ற விஷயம் அந்தக் கம்பெனியை விடவே இல்லை.

இத்தனைக்கும் குழி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு 1905-ல் சரியான விளக்கம் கிடையாது. முந்தைய வருடம், 1904-ல், ஜெர்மனியில் லுட்விக் பிராண்டில் என்பவர், பொருளை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று சொல்லியிருந்தார். பந்தோடு அதை யாரும் இணைக்கவில்லை. 1912-ல் கஸ்டாவ் ஐஃபெல் (ஆமாம், கோபுரம் கட்டிய அதே ஐஃபெல்தான், வயதான காலத்தில் காற்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்) உருண்டைகளைக் காற்றில் வைத்து அளந்தார். பிராண்டில் ஆட்கள் சொன்ன எதிர்ப்பில் பாதிகூட வரவில்லை. யாரோ தப்பு செய்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். இருவர் கணக்கும் சரிதான், வேகம்தான் வேறு. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் எதிர்ப்பு திடீரென்று சரிகிறது. 1914-ல் பிராண்டில் ஓர் உருண்டையைச் சுற்றி மெல்லிய கம்பி வளையத்தை மாட்டினார். குறைந்த வேகத்திலேயே எதிர்ப்பு சரிந்துவிட்டது. வழவழப்பைக் கெடுத்தால் காற்று தடுப்பது குறைகிறது! கேடிகளுக்கு அறுபது வருடம் முன்பே தெரிந்த சங்கதி.

எனக்குப் புரிந்த வரை இப்படி. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் பைக்கில் போயிருக்கிறீர்களா? ஒரு மாதிரி உள்ளே இழுக்கும். லாரி காற்றைக் கிழித்துப் போன இடத்தில் அழுத்தம் குறைந்து சுழல் உண்டாகிறது. அந்த இழுப்பு நம்மை மட்டுமல்ல, லாரியையும் பின்னால் இழுக்கிறது. பந்துக்குப் பின்னாலும் இதே கதை. வழவழப்பான பந்தை ஒட்டி வரும் காற்றுப் படலம் சோம்பேறி. பக்கவாட்டிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும், பின்னால் பெரிய வெற்றிடச் சுழல். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. வெளியே வேகமாகப் போகும் காற்று உள்ளே கலந்து படலத்துக்குத் தெம்பு கிடைக்க, அது பந்தின் முதுகுப்பக்கம் வரை ஒட்டிப் போகிறது. சுழல் சிறுக்கிறது, பின்னிழுப்பு ஏறக்குறைய பாதியாகிறது. குழியே இல்லாத பந்துக்கு இந்தச் சலுகை கிடைக்க மணிக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அடித்தாலே 270, 280-தான் வரும். இதோடு, பேராசிரியர் டெய்ட் சொன்ன சுழற்சித் தூக்கலும் குழியால் ஒழுங்காகக் கிடைக்கிறது. ஒரு குழியின் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குத்தான் இவ்வளவும்.

கிரிக்கெட்டில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவதும் இதே குடும்பத்து வித்தைதான். அங்கே இரண்டு பக்கமும் வேறு வேறாக இருப்பதுதான் ஆட்டமே. கோல்ஃபில் அதைச் செய்தால் என்ன ஆகும் என்று 1970-களில் அமெரிக்காவில் இருவர் யோசித்தார்கள், ஒருவர் இயற்பியல்காரர், இன்னொருவர் வேதியியல்காரர். நடுவில் ஒரு பட்டையில் மட்டும் ஆழமான குழி, இரண்டு துருவத்திலும் ஆழம் குறைந்த குழி. பெயர் போலாரா. தப்பாக அடித்தாலும் பந்து பக்கவாட்டில் வளையாமல் தன்னைத் தானே திருத்திக்கொண்டு நேராகப் போகும். என்னை மாதிரி ஆட்களுக்கு வரப்பிரசாதம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் விடுமா? இப்படிப் போனால் திறமைக்கு என்ன வேலை என்று, பந்து எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என 1981-ல் விதி கொண்டுவந்தது. போலாரா தரப்பு வழக்குப் போட்டது. 1985-ல் சங்கம் 13.75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பணம் கைமாறியது, விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது பந்துகளில் பெரும்பாலும் 300-லிருந்து 500 குழி வரை இருக்கிறது. எத்தனை இருக்க வேண்டும் என்று விதியில் எதுவும் இல்லை. எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றெல்லாம் கறாராகச் சொல்கிறவர்கள் குழியின் எண்ணிக்கையை மட்டும் கம்பெனிகளிடம் விட்டுவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் குழி அமைப்புக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது.

சாரிடம் போய்ச் சொன்னேன், பயன்படுத்தினால் மதிப்பு கூடும் சொத்து கிடைத்துவிட்டது என்று. முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பந்தை எத்தனை தடவை அடித்தால் கூடும், எத்தனையாவது அடியிலிருந்து குறையும்?" என்றார். கட்டி அதிக அடியில் இரண்டாகப் பிளந்தும் போகும் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன்.